பானட்டில் மூன்று தட்டு

வலது கை நடுவிரலை மடக்கி, டொக், டொக், டொக் என்று கார் பானட்டில் மூன்று தட்டு தட்டுவார் பத்ரிநாத். பிறகு இரண்டு எட்டு பின்னால் போய், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், வண்டியை மட்டும் பார்க்கமாட்டார். மனதுக்குள் இருபது எண்ணி முடித்த பிறகுதான் கதவைத் திறப்பார்.

சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இது என்ன சாங்கியம் என்று கேட்பதுண்டு. "உள்ள ஆளு இருக்குல்ல? சொல்லாமக் கொள்ளாமத் தெறந்தா அதுகளும் பதறும், நாமளும் பதறுவோம். ஒதுங்கிக்கிற ஒரு நிமிசம் குடுக்கணும்ல" என்பார். உள்ளே இருந்த ஆள்கள் எலிகள்.

தெற்குவாசலை ஒட்டிய அந்தச் சந்தில், தொண்ணூறுகளில், நான்கு சக்கரம் என்று இருந்தது அந்த ஒரே ஃபியட்தான். பால் நிறம். ஓய்வுபெற்ற ஒரு தாசில்தாரிடமிருந்து வாங்கியது. வாங்கிய புதிதில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களுக்குத் துணி கொடுப்பதற்காக மாதம் ஒருமுறை திருவாதவூர் வரை ஓடியது. மகன் விஜய்ஆனந்த் வியாபாரத்துக்குள் வந்ததும் துணி லோடு ஆட்டோவில் போக ஆரம்பித்தது. ஃபியட் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. ஞாயிறுதோறும் காலையில் பத்ரிநாத் அதை ஸ்டார்ட் செய்து நான்கடி முன்னால் கொண்டுபோவார், நான்கடி பின்னால் கொண்டுவருவார். அதற்கே சந்துக்காரர்கள் சைக்கிளை எல்லாம் ஒதுக்கிக்கொடுத்து, ஊர்த் தேருக்கு வழிவிட்ட திருப்தியோடு நிற்பார்கள். இன்றைக்கு அதே சந்தில் ஒரு பைக் நிறுத்தப் பெரிய பஞ்சாயத்தே நடக்கிறது.

ஆள் குள்ளம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று எழுதாது. அந்த வாரம் எந்த நிறத்தில் சேலைக்குச் சாயம் போட்டார்கள் என்று தெரிய அவர் கடைக்குப் போகவேண்டியதில்லை, கை நகத்தைப் பார்த்தால் போதும். அரக்கு வாரம், மாம்பழ மஞ்சள் வாரம் என்று நகம் மாறிக்கொண்டே இருக்கும். யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் "பாப்பமே" என்பதுதான். கடன் கேட்டாலும் பாப்பமே, கல்யாணத்துக்கு அழைத்தாலும் பாப்பமே. கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பார் என்பது வேறு விஷயம்.

வீட்டில் அண்ணன் குடும்பமும் சேர்த்துப் பதினோரு பேர். அறை மூன்று. அந்த மூன்றிலும் சேலை மூட்டைகள் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். ஒருவர் படுக்க வேண்டுமானால் ஒரு மூட்டை எழுந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் பத்ரிநாத்துக்கு என்று சொந்தமாக இருந்தது சட்டை மாட்டுகிற ஓர் ஆணி. அதனால்தான் அந்த ஃபியட். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடையிலிருந்து வந்து, மூன்று தட்டு தட்டி, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைப் பாதி இறக்கி ரேடியோவைத் திருகுவார். கோடை எஃப்.எம். அந்த வண்டியில் எடுத்ததைப் போலச் சுத்தமாகச் சந்தில் எந்த வீட்டிலும் எடுக்கவில்லை. எட்டு மணிவரை அவர் எங்கேயும் போகாத காரில் போய்க்கொண்டிருப்பார். முழங்கையை வெளியே போட்டிருப்பார். தெரிந்தவர்கள் ஜன்னலருகே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "சரி, வாரேன், நீங்க ஓட்டுங்க" என்று கிண்டலாக விடைபெறுவார்கள். அவர் கோபப்பட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் கிடைத்திருந்தது. அதற்கு ஓடவும் தெரியும் என்பது உபரி.

நிற்கிற வண்டிக்கு எலி வரத்தான் செய்யும். பத்ரிநாத் செய்யாத வைத்தியம் இல்லை. பாச்சை உருண்டைகளைத் துணியில் முடிந்து சீட்டுக்கடியில் போட்டார். எலிகள் அதை உருட்டி விளையாடின. யாரோ சொன்னார்கள் என்று புகையிலைக் காம்பைக் கட்டி இன்ஜினுக்குள் தொங்கவிட்டார். நாலு நாள் அவருக்குத்தான் தும்மல். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தார். சில்லு போயிற்று, பொறி மூடவில்லை. அடுத்த தெருப் பூனையைத் தூக்கிவந்து உள்ளே விட்டபோது அது பின்சீட்டில் இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு, கதவைத் திறந்ததும் அவரை முறைத்துவிட்டுப் போனது. விஷம் மட்டும் வைக்கமாட்டார். "டேஷ்போர்டுக்குள்ள போயிச் செத்துச்சுன்னா அம்புட்டுத்தான். ஆறு மாசத்துக்கு ஒக்கார முடியாது" என்பது வெளியே சொல்லும் காரணம். அதுகளைக் கொல்ல மனசு வரவில்லை என்பதை வெளியே சொல்லமாட்டார்.

இதில் அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. மூன்று வருஷமாக அவருக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்னதை அலர்மேல்மங்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கணவர் தட்டில் விழும் சோற்றைக் கண்ணாலேயே எடைபோட்டுக்கொண்டிருந்தார். காப்பியில் சீனி நின்றது. பண்டிகைக்கு வீட்டில் இனிப்புச் செய்வதே நின்றது. பத்ரிநாத்தோ வாரத்தில் மூன்று நாள், கடையடைத்து வரும் வழியில் ஒரு பாதுஷா வாங்கி, மஞ்சள் எண்ணெய்த்தாளில் பொட்டலமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, ரேடியோச் சத்தத்தில், ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து தின்றார். உலகத்திலேயே உதிராமல் தின்ன முடியாத பண்டம் பாதுஷா. தாளைக் கசக்கி சீட்டுக்கடியில் தள்ளிவிடுவார், பிறகு எறியலாம் என்று. எலிக்கு விருந்து வைத்தவரும் அவர்தான், எலியை விரட்ட ஆள் தேடியவரும் அவர்தான். ஒரு தடவை எட்டு நாள் தின்னாமல் இருந்து பார்த்தார். ஒன்பதாம் நாள் இரண்டாக வாங்கினார்.

வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். அலர்மேல்மங்கைக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார், சந்து முழுக்கப் புரியவேண்டும் என்பதற்காக. தொண்ணூற்றொன்பது மார்கழியில் அப்படி ஒரு நாள் மாறினார். பொங்கல் சீசனுக்கு வீட்டில் இடமில்லாமல், கஞ்சி போட்டு மடித்த சேலைகளில் ஒரு மூட்டையைக் காரின் பின்சீட்டில் வைத்திருந்தார்கள். எடுத்து விரித்தால் பன்னிரண்டு சேலை ஓட்டை. முடிச்சு நூலை எல்லாம் எலிகள் அறுத்துக் கொண்டுபோயிருந்தன. போதாததற்கு ரேடியோ ஒயரையும் கடித்து, கோடை எஃப்.எம்.மின் வாயையும் அடைத்திருந்தன.

"பன்னெண்டு சேலைங்க! அம்புட்டும் ஓட்டை! எலி வளக்கவா கார் வாங்குனீங்க? தை பொறக்குறதுக்குள்ள எலி போகணும். இல்லேன்னா கார் போகணும். ரெண்டுல ஒண்ணு!"

மகன் சும்மா இருக்கவில்லை. பேரையூரில் பழைய ஃபியட் தேடிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்துவிட்டான். அவர் வந்து டயரை உதைத்துப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார், போகிப் பண்டிகையன்று வந்து ஓட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பாடாத ரேடியோவுக்கு முன்னால் பத்ரிநாத் எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தார். வண்டி போனால் என்ன, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காதா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். எலி பாதுஷாவுக்குத்தான் வருகிறது, இனி நிறுத்திவிடுகிறேன் என்று இந்த நிமிஷமே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் தின்றேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அலர்மேல்மங்கை மூன்று வருஷமாகத் தானும் சீனியில்லாத காப்பி குடிக்கிறவர். அந்த முகத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காசிமாயனை வரச்சொன்னார். கப்பலூரில் ஒரு பட்டறையில் வார நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை டி.வி.எஸ். ஐம்பதில் பையை மாட்டிக்கொண்டு வீடு தேடி வந்து பார்க்கிற மெக்கானிக். பேச்சைக் குறைத்து வாசனையை நம்புகிறவர். கதவைத் திறந்து மூக்கை நீட்டினார்.

"அண்ணே, இது நேத்து முந்தாநேத்து வந்த குடும்பமில்ல. பட்டா வாங்கிருச்சு. முன்சீட்டக் கழத்துனாத்தான் ஆகும்."

அலர்மேல்மங்கை முறத்தோடும் விளக்குமாற்றோடும் வந்து நின்றார். பத்ரிநாத் அவரை உள்ளே போகச்சொல்லி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். போகவில்லை. காசிமாயன் நட்டுகளைக் கழற்றுவதற்குள் பத்ரிநாத் பழக்கதோஷத்தில் பானட்டில் மூன்று தட்டு தட்டினார். தாய் எலி ஒன்று பெடல் பக்கமிருந்து குதித்துச் சாக்கடைக்குள் ஓடியது. சீட்டைத் தூக்கினார்கள்.

கூடு ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது. சீட்டின் தென்னை நார், அரக்கும் மஞ்சளுமாகச் சுங்குடி முடிச்சு நூல், அவற்றோடு சேர்த்துப் பின்னினாற்போல் பொடிப்பொடியாகக் கிழித்த மஞ்சள் எண்ணெய்த்தாள். நடுவில் கண் திறக்காத ஐந்து குஞ்சுகள். பக்கத்தில் எலி கை வைக்காத இரண்டு தாள்கள் முழுசாகவே கசங்கிக் கிடந்தன, மிட்டாய்க்கடைப் பெயரோடு.

காசிமாயன் தாளைப் பார்த்தார். பத்ரிநாத்தின் முகத்தைப் பார்த்தார்.

"கஞ்சி வாசத்துக்கு வந்திருக்குக்கா" என்றார் அலர்மேல்மங்கையிடம். "சேல மூட்டய இனி உள்ள வைக்காதீக. வேற ஒண்ணுமில்ல."

அலர்மேல்மங்கை குனிந்தார். ஒரு தாளை எடுத்துப் பிரித்து, படித்து, மறுபடி மடித்தார். சந்தே காது கொடுத்துக்கொண்டிருந்தது. பத்ரிநாத் தமிழை எதிர்பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். வந்தது சௌராஷ்டிரம், அதுவும் பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கிற குரலில். மூட்டைகளை நாளையிலிருந்து மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். தாள்களை முறத்தில் வாரினார். குஞ்சுகளை ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்துச் சாக்கடை ஓரம் வைத்தார். அதன் பிறகு வாசல்படியில் நின்று, மகனுக்கும் சந்துக்கும் சேர்த்துத் தமிழில் அறிவித்தார்: "எலி போயிருச்சு. பேரையூர்க்காரர வரவேணாம்னு சொல்லிரு. கார் இருக்கட்டும்."

ரேடியோ ஒயரை ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது காசிமாயன் பத்ரிநாத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார். "அண்ணே, மடியில ஒரு துண்ட விரிச்சுக்கிட்டுத் தின்னுங்க. தாள வெளிய கொண்டுபோய்ப் போடுங்க. வாரேன்."

எலி அதற்குப் பிறகு வரவில்லை. பத்ரிநாத் சத்தியமாகவே திருந்தினார், ஏறக்குறைய. வாரத்துக்கு மூன்று என்பது மாதத்துக்கு ஒன்று என்றானது. மடியில் துண்டு விரித்து, உதிர்ந்ததை ஒன்றுவிடாமல் தெருவில் உதறினார். பொட்டலம் வந்த நாள்களில் இரவுத் தட்டில் சப்பாத்தி ஒன்று குறைந்திருந்தது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவும் இல்லை. கதவைத் திறக்குமுன் தட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டார். உள்ளேதான் யாரும் இல்லையே.

பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் நகம் ஊதா. ஏழு மணி இருக்கும், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, மடியில் துண்டு, துண்டில் மஞ்சள் தாள், தாளில் ஒரு கடி கடித்த பாதுஷா. மாதம் ஒன்று என்ற கணக்கில் பங்குனிக்கு இது இரண்டாவது. வாய் நிறைந்திருந்த நேரத்தில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

அவர் நிமிர்ந்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட வந்த அலர்மேல்மங்கை பானட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய், சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.