சொல்லிக்கொண்டு போனவர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளி பிரின்சிபாலிடமிருந்து போன் வந்தது. "பாகீரதி தீதி, ரொங்கோதா சோலே கேலேன்" என்றார். ரங்கா அண்ணன் போய்விட்டார். வங்காளத்தில் இதற்கு ஊருக்குக் கிளம்பிப் போனார் என்றும் அர்த்தம் உண்டு, இறந்துபோனார் என்றும் அர்த்தம் உண்டு. எங்கேயாவது பழைய படம் போடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுகிற ஆசாமி அவர். அதனால் நான் காய்க்காரரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "எங்கே போயிட்டார்? என்கிட்டே சொல்லவே இல்லையே?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எடுத்து வைத்த காயை அங்கேயே போட்டுவிட்டு பவானிபூரில் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ரங்கநாதனைப் பற்றி அவரிடம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக நாலு வரி. எங்கள் பள்ளியில் அவர் ஆங்கிலம், நான் வேதியியல். ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த தாத்தாவோடு கல்கத்தாவுக்கு வந்த குடும்பம். தஞ்சாவூர்த் தமிழ் பேசுவார், பவானிபூர்க்காரர் மாதிரி சண்டை போடுவார். மனைவி ஷுக்லா வங்காளி. நாங்கள் எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி என்று கூப்பிடுவோம். மாமியாரிடம் கற்ற தமிழ் அவருடையது. என் தமிழைவிட நன்றாகவே இருக்கும். தினமும் பள்ளி விட்டதும் ரங்கநாதன் கேட்டருகே நின்று, "வரேன், பாகீரதி" என்பார். "வாங்க" என்பேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொன்னார். வரேன் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வராமல் போனது இந்த ஒரு தடவைதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வியாழக்கிழமைதோறும் கடைசிப் பீரியடில் பதினோராம் வகுப்புக்கு அவர் சினிமா வகுப்பு எடுத்தார். படம் எடுக்கிற டாலிகஞ்ச் பக்கத்திலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு சினிமா என்றால் ஸ்டுடியோ, நடிகர், வாசலில் கூட்டம். இவர் காட்டியதோ ஒரு பழைய ஜப்பானிய இயக்குநரின் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவர் பெயரை ரங்கநாதன் சொல்லவே மாட்டார், 'நம்ம ஜப்பான்காரர்' என்பார். இந்த ஜப்பான்காரர் கேமராவைத் தரையோடு தரையாக வைப்பவராம். அதனால் பார்க்கிறவர்களும் தரையில்தான் உட்கார வேண்டும் என்று பெஞ்சுகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் பாய் விரித்தார்.

விடுவார்களா? பெற்றோர் கூட்டத்தில், சால்ட் லேக்கில் பெரிய ஐடி வேலையில் இருக்கிற ஒரு அப்பா எழுந்தார். நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, ஒன்றுமே நடக்காத படம் காட்டுகிறார்கள் என்றார். நிறைய தலைகள் ஆடின. அந்தப் பீரியடைக் கோச்சிங்குக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகிற நிலைமை. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்த வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லச் சொன்னார். சினிமாவுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அதனால்தான் என்னை அனுப்பினாரோ என்னவோ.

நான் உள்ளே நுழைந்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "வேவு பார்க்க வந்திருக்கேளா? வாங்கோ, உக்காருங்கோ. நாற்காலி மட்டும் கேக்கப்படாது" என்றார். முழங்காலைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். படத்தில் ஒரு வீடு, ஒரு கூடம், ஒரு அம்மா, ஒரு பிள்ளை. பத்து நிமிஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பக்கத்துப் பையனிடம், இதில் எப்போது ஏதாவது நடக்கும் என்று கேட்டேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது. "நடக்கலேன்னு சொல்லாதீங்கோ. நான் பாக்கலேன்னு சொல்லுங்கோ" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரிடம் படித்த எல்லோரும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. பிள்ளை வெளியூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான். கதவைத் தள்ளுகிறான், ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறான், போய்விடுகிறான். கேமரா காலி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. திரையின் அடியில் ஆங்கிலத்தில், நான் போகிறேன் என்று வந்தது. ரங்கநாதன் படத்தை நிறுத்தினார். வருஷா வருஷம் அவர் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான். இவன் போகிறேன் என்று மட்டும் சொல்கிறான், திரும்பி வருகிற எண்ணம் இல்லை, இந்த ஒரு சொல்லில் குடும்பம் அறுந்துபோகிறது, அந்தக் காலி வாசல்தான் அதற்குச் சாட்சி. எனக்கே அது பரவாயில்லை என்று தோன்றியது.

தியாஷா என்று ஒரு பெண் கை தூக்கினாள். ஜப்பானிய கார்ட்டூன்களே கதி என்று கிடக்கிற பெண். என் வகுப்பில் அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் முழிப்பவள். அவன் போகிறேன் என்று சொல்லவில்லை சார் என்றாள். அவன் சொன்னது 'இத்தே கிமாஸ்', போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம், கார்ட்டூனில் பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் எல்லாம் தினமும் அதைத்தான் சொல்லும், கீழே ஆங்கிலத்தில் எழுதியவர்கள் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றாள். ரங்கநாதன் அந்த இடத்தைத் திரும்பவும் போட்டுக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்தே போனேன். இத்தனை வருஷப் பாடம் ஒரு கார்ட்டூனால் கவிழ்ந்துவிட்டது, அதுவும் நான் வேவு பார்க்க வந்த அன்றைக்கு.

அவர் முகத்தைப் பார்த்தால், சிரிப்பு. வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடத்துகிறவர், என்னைப் பார்த்துத் தமிழில், "பாகீரதி, இது நம்ம 'போயிட்டு வரேன்' இல்லையோ! இது தெரியாம ஒரு தமிழன் இத்தனை நாள் உளறிண்டு இருந்திருக்கேன்" என்றார். வங்காளிப் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டார். அவர்கள் வீட்டிலும் கிளம்பும்போது யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. 'ஆஷி', வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். "அப்போ அந்த வாசல் காலியா இல்லை. அவன் வருவான்னு பாத்துண்டு இருக்கு" என்றார். அன்று மாலையே, கையில் நம்பர் இருந்த பழைய மாணவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்: நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, திருத்திக்கொள்ளவும். உங்களில் சிலருக்கு அது வந்திருக்கும். என்ன திருத்துவது என்று விளங்காமல் எனக்குப் போன் செய்தவர்களும் உண்டு.

பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம், மறுநாள் வீட்டிலிருந்து கிளம்பும்போது பை என்று சொல்லாமல், அவரவர் பாஷையில் முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும், வீட்டில் என்ன நடந்தது என்று வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் அதே சால்ட் லேக் அப்பா எழுந்தார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஓடுகிற தன் பையன், அன்று கதவருகே நின்று 'பாபா, ஆஷி' என்றானாம். தனக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோச்சிங் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. பிரின்சிபால் என்னிடம் அபிப்பிராயம் கேட்டபோது, வேண்டுமானால் வேதியியலில் ஒரு பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வகுப்பைத் தொடாதீர்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சந்திலேயே பிரின்சிபால் என்னைத் தனியாக அழைத்தார். நல்ல மனுஷிதான், ஆனால் டைம்டேபிள் யாருக்காகவும் நிற்காதே. அந்த வகுப்பை எடுக்க இனிமேல் ஆள் இல்லை, வியாழக்கிழமையிலிருந்து கோச்சிங்குக்கு விட்டுவிடப் போகிறேன் என்றார். மாடிக்குப் போய் பௌதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நம் தமிழ் மனிதர்கள் வந்தார்கள், கொஞ்ச நேரம் இருந்தார்கள், எழுந்து பேசாமல் போனார்கள். துக்க வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, அதுதானே வழக்கம். நானும் அப்படியே எழுந்து செருப்பைத் தேடினேன்.

"சொல்லிக்காம போறேளே, பாகீரதி?" என்றார் பௌதி.

வழக்கத்தைச் சொன்னேன்.

"தெரியும். இவரோட அம்மா போனப்போ எனக்கும் எல்லாரும் சொல்லிக் கொடுத்தா. ஆனா காத்தாலேர்ந்து எல்லாரும் சொல்லாமலே போறா. அவரும் சொல்லாமலே போயிட்டார். ஒருத்தராவது சொல்லிண்டு போங்கோ."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போயிட்டு வரேன், பௌதி" என்றேன். அவர் தன் பாஷையில், "ஏஷோ" என்றார். வா. கீழே இறங்கியதும் பிரின்சிபாலிடம், வியாழக்கிழமை வகுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

ரங்கநாதனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது 'போயிட்டு வரேன்' என்கிற இந்த ஒரு சொல்தான். சினிமா எனக்கு இன்னும் தெரியாது, பிள்ளைகளிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பாயை விரித்து, எனக்குத் தெரிந்த ஒரே காட்சியைப் போட்டோம். காலி வாசல் வந்தபோது தியாஷா அழுதாள், நானும் அழுதேன், யாரும் யாரையும் தேற்றவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கதவருகே நின்று, "ஆஷி, மேடம்" என்றார்கள். நான் எல்லோருக்கும், "வாங்க" என்றேன்.