தலைக்கு மேலே போகும் குரல்

காலையில் கேப்டவுன் போகும் விமானம் தலைக்கு மேலே வரும் நேரத்தில் நார்டஸ் சிலியேயிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவார். மற்றொரு கை ரேடியோவின் குமிழில் இருக்கும். தன் கையாலேயே கட்டிக்கொண்டிருக்கும், இன்னும் ஒருமுறைகூடத் தரையை விட்டு எழும்பாத இரண்டு இருக்கை விமானத்துக்குள், ஹெட்ஃபோனைக் காதில் அமுக்கியபடி ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். கொட்டகையின் தகரக் கூரையில் புறா நடக்கும் சத்தம்கூட அப்போது அவருக்கு இடைஞ்சல்தான்.

அவர் காத்திருப்பது சில விநாடிப் பேச்சுக்காக. மேலே போகும் விமானம் தன் பெயரைச் சொல்லும், உயரத்தைச் சொல்லும், அடுத்து மாறவேண்டிய அலைவரிசையைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். கட்டுப்பாட்டு அறையின் பதில் எங்கள் ஊர் ஹூப்ஸ்டாட் வரை எட்டாது. மேலேயிருந்து வரும் பாதிப் பேச்சு மட்டும்தான் கேட்கும். சில நாள் பெண் குரல். அது அவர் மகள் யோலந்தி, அந்த விமானத்தில் துணை விமானி. சில நாள் ஆண் குரல். அன்றைக்கு நார்டஸின் முகம் இன்னும் மலர்ந்துவிடும். ஒருவர் ஓட்டினால் மற்றவர் ரேடியோவில் பேசவேண்டும் என்பது அவர்கள் முறை.

"கேப்டன் பேசுறான், கேட்டியா? அப்போ வண்டி அவ கையிலதான்யா இருக்கு," என்பார்.

ஊரின் இந்தச் சிறு விமானத் திடலில் எரிபொருள் ஊற்றுவது என் வேலை. அதனால் அவர் விமானத்தைக் கட்டிய கதை முழுவதும் என் கண் முன்னால் நடந்தது. வெல்கம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை இறக்கும் கூண்டின் மணிக்கும் விளக்குக்கும் கம்பி இழுத்தவர் அவர். "பாதி ஆயுசு கீழ போயிடுச்சு. மிச்சத்துக்காவது மேல போக வேணாமா?" என்பது அவர் கணக்கு. இறக்கையையும் உடலையும் மற்றவர்களைப் போலத்தான் கட்டினார். கருவிகள் பொருத்தும் முகப்புப் பலகைக்கு வந்தபோதுதான் ஆளே மாறிப்போனார். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு, கட்டுக்கு மெழுகு நூல், முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. கம்பி வெட்டும் அதே குறடால் சட்டைப் பையிலிருக்கும் பில்டாங்கையும் துண்டு போட்டு மென்றுகொள்வார். உலர்ந்த மாட்டிறைச்சியோடு எத்தனை செம்புத் துணுக்கு வயிற்றுக்குள் போயிருக்குமோ!

எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "கிட்டத்தட்ட ஆச்சு."

"அண்ணே, நான் சோளத்துக்கு மருந்தடிக்க ஆரம்பிச்சப்பவும் இதையேதான் சொன்னீங்க," என்று பக்கத்துக் கொட்டகை மொகெட்சி சீண்டுவான். வயல்களுக்கு மேலே மருந்து தெளிக்கும் விமானி அவன். "உயரமானி கூட மாட்டல, ரேடியோ மாட்டியாச்சு. மேல ஏறி யார்கிட்ட பேசப் போறீங்க?"

"நீ உன் சோளத்தப் பாருடா."

வீட்டில் வேறு குறை. சமையலறை விளக்கு அணைந்து மாதக்கணக்கில் ஆகிறது என்று அவர் மனைவி மரீட்டா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பலகையின் தொடக்கம் எனக்கு நினைவிருக்கிறது. யோலந்திக்குப் பதினாறு வயது. வெறும் கூடாக இருந்த விமானத்துக்குள் அவளை உட்காரவைத்து, முன்னால் அட்டை ஒன்றைக் கட்டினார். "கண்ண மூடிக்க. ரேடியோவத் தேடு," என்றார். அவள் விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் வட்டமிட்டார். "இப்போ விளக்கு." இன்னொரு வட்டம். பறக்கும்போது கண் வெளியே இருக்கவேண்டும், கை தானாகப் போய் விழவேண்டும் என்பார்கள். அட்டை முழுவதும் அவள் கை விழுந்த இடங்களின் வட்டங்கள். "இத முதல்ல நான்தான்பா ஓட்டுவேன்," என்று அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது.

பிறகு அவள் படிக்கப் போனாள், உரிமம் வாங்கினாள். முதல் பயணியாக அப்பாவை ஏற்றிக்கொள்ள ஒரு வாடகை விமானத்தில் இங்கேயே வந்து இறங்கினாள். அவர் ஏறவில்லை. "நம்ம வண்டியிலதான் உன்கூட ஏறுவேன்." பெரிய விமானத்துக்குப் போன பிறகும் அதே பேச்சுதான். மகள் ஓட்டும் விமானத்தில் ஊரே கேப்டவுன் போய்வந்தது. அவர் மட்டும் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கலாம், அந்த அலைவரிசையில் தரையிலிருந்து பேசுவது குற்றம். பேசும் பொத்தானின் பக்கத்தில் அவர் கட்டைவிரல் சும்மா கிடக்கும்.

சோளம் காய்ந்து நிற்கும் ஏப்ரலில் ஒரு நாள், யோலந்தி சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினாள். நானும் மொகெட்சியும் கொட்டகை வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, தோஹாவுல என்னைய வேலைக்கு எடுத்துட்டாங்க. பெரிய விமானம். அடுத்த மாசம் போகணும்."

நார்டஸ் திருப்புளியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நல்லது கண்ணு. ரொம்ப நல்லது. அப்போ இந்தக் கேப்டவுன் வழி?"

"இனிமே இல்லப்பா."

"சரி. ஏறி உக்காரு. பலகையில திரை புதுசு, நீ பாக்கல."

அவள் ஏறினாள். பழைய பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். ரேடியோ, விளக்கு, எரிபொருள் மாற்றி என்று ஒவ்வொன்றும் விரல் நுனியில் வந்து உட்கார்ந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீங்க உக்காருங்க."

"எனக்கெதுக்கும்மா?"

"உக்காருங்கப்பா."

நார்டஸ் நெட்டை ஆள். ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் கீழ்வரிசைப் பொத்தானில் இடித்து, இறக்கையிலிருந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அண்ணே காலாலயே ஓட்டுறாரு!" என்றான் மொகெட்சி. யாரும் சிரிக்காததால் காப்பிக் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இத்தன வருஷமா இப்படியா மடங்கி உக்காந்திருந்தீங்க? யாருக்குப்பா இதக் கட்டுனீங்க?"

"கிட்டத்தட்ட ஆச்சு," என்றார் நார்டஸ்.

"அப்பா."

"நீதானே சொன்ன, முதல்ல நீதான் ஓட்டுவேன்னு."

"அப்போ எனக்குப் பதினாறு வயசுப்பா. எனக்காகக் காத்திருக்காதீங்க. உங்ககிட்டயும் உரிமம் இருக்கு, நீங்க ஓட்டுங்க. லீவுல வர்றப்போ என்னைய உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க."

அவள் அட்டை ஒன்றைக் கிழித்துப் பலகை மேல் ஒட்டினாள். இருக்கையை எவ்வளவு பின்னுக்குத் தள்ளவேண்டும் என்று அளந்தாள். "கண்ண மூடுங்க. ரேடியோவத் தேடுங்க." பெரிய, தழும்பேறிய அந்தக் கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு போய் விழுந்த இடத்தில் அவள் வட்டமிட்டாள்.

அவள் போன பிறகு நார்டஸ் திடல் பக்கமே வரவில்லை. கேப்டவுன் விமானம் மேலே போயிற்று, கேட்க ஆளில்லை. அந்த வாரக் கடைசியில் மரீட்டா எனக்குப் போன் செய்தாள். சமையலறை விளக்கு எரிகிறதாம். அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. "தோட்டத்து விளக்கு, அழைப்பு மணி எல்லாம் பாத்தாச்சு. இப்போ அடுப்பக் கழட்டிட்டு உக்காந்திருக்காரு. வந்து கூட்டிட்டுப் போய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

போனேன். வண்டியில் வரும்போது அவரே சொன்னார். "அவ ஓட்டுறத ஒரு தடவ பக்கத்துல உக்காந்து பாத்திருக்கலாம். வாடகை வண்டியோட வந்து நின்னா. ஏறியிருக்கலாம்யா." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் புதிய அலுமினியத் தகடு ஒன்றை மேசையில் போட்டார். அவள் வரைந்த வட்டங்களை அதில் ஏற்றினார். பழைய பலகையைக் கழற்றும்போது கம்பிக்கட்டு வெளியே தொங்கியது. நீளம் போதாத கம்பிகளை ஒட்டுப்போட மனம் வரவில்லை. முழுதாகவே உருவி எடுத்துவிட்டுப் புதிதாக இழுத்தார். இருக்கையின் அடித்தண்டில் புதிய துளை போட்டு அதைப் பின்னுக்குத் தள்ளினார். மொகெட்சி தன் வேலையை முடித்துவிட்டு வந்து, கேலி பேசாமல், விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யோலந்தி கடைசியாக இந்த வழியில் போனது ஒரு வியாழக்கிழமை. முன்னாலேயே போனில் சொல்லியிருந்தாள். கேப்டனிடம் அனுமதி கேட்டாயிற்று. இரண்டாவது ரேடியோவை ஒரு நிமிடம் நம் திடலின் அலைவரிசைக்குத் திருப்புவாள். அங்கே நாம் பேசலாம், குற்றமில்லை.

விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி நிறுத்தினோம். நார்டஸ் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலை நீட்டி உட்கார்ந்தார். நான் இறக்கையோரம் நின்றேன். அண்ணாந்து பார்த்தால் வெள்ளைக் கோடு ஒன்று தென்மேற்காக நீண்டுகொண்டிருந்தது. ஹெட்ஃபோன் ஒன்றுதான், அவர் பேசுவது மட்டும் எனக்குக் கேட்டது.

முதலில் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். மகளைக் கூப்பிடவில்லை. தன் விமானத்தின் பெயரெழுத்துகளை முறைப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஸூலு யூனிஃபார்ம் டாங்கோ கிலோ பாப்பா. ரேடியோ சோதனை. எப்படிக் கேக்குது?"

கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெளிவா இருக்கு. உங்களதும் தெளிவா இருக்கு."

மறுபடி கேட்டார். உதடு கோணியது.

"இல்ல. கால் இடிக்கல."

இந்த முறை நெடுநேரம் கேட்டார். வெள்ளைக் கோடு சோளக்காட்டைத் தாண்டிவிட்டது.

"சரி," என்றார். "சரி கண்ணு. ஓட்டு."

கட்டைவிரலை எடுத்தார். மொகெட்சி கொட்டகை வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் இறக்கை மேல் ஏறிக் குனிந்தேன்.

"என்னய்யா சொன்னா?"

நார்டஸ் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். இரண்டு கையாலும் என் காதோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தார். உள்ளே இரைச்சல் மட்டும்தான் இருந்தது. அவர் விடவில்லை. எனக்கும் கேட்கிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.