லாரியில் ஓடிய தையல்

செம்மேட்டில் ஒரு தையல் கடையைத் தாண்டும்போது மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. நான் ஏழு வயதுக்குப் போய்விட்டேன்.

அம்மா பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்த கம்பெனியில் கழித்துவிட்டதை வாங்கிய பழைய மெஷினில், எப்படித் திருகினாலும் தையல் எள்ளளவாகவே விழுந்தது. "மெக்கானிக்கே கைவிட்டுட்டாருங்க" என்று பழைய இரும்பு வியாபாரியிடம் சொல்லி, அப்பா அதை அவர் லாரியில் ஏற்றிவிட்டார்.

அம்மா பின்னாலேயே லாரியில் ஏறினாள். ஊசிக்கு அடியிலிருந்த தகட்டைக் கழற்றினாள். துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே பஞ்சு கல்லாக இறுகியிருந்தது. கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தாள். தகட்டை மாட்டி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, முந்தானை ஓரத்தில் தைத்துப் பார்த்தாள். தையல் அரிசி நீளத்துக்கு அழகாக ஓடியது.

"ஏனுங்க, இறக்குங்க!"

அப்பாவும் வியாபாரியும் மூச்சு வாங்க இறக்கினார்கள். அம்மா லாரி மேலேயே இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளை அவ்வளவு உயரத்தில் அன்றுதான் பார்த்தேன்.

"என்ன வேணுங்க?" என்றார் செம்மேட்டுத் தையல் கடைக்காரர். அவர் கடை வாசலில் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றேன்.