பிரெஞ்சு தெரிந்த மாமா

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று தங்கை மகளின் கல்யாணப் பதிவன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அன்று நான் குடித்திருக்கவில்லை என்பதுதான் இதில் கேவலமான பகுதி. கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் இலக்கணப் புத்தகத்தை ஊரடங்குக் காலத்தில் வேறு வேலையில்லாமல் புரட்டியிருந்தேன், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர் ஒருவரை மாத்தளை பஸ் நிலையத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். தம்புள்ளை பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களத்தில் வழி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை நாவுல ஊர்க்காரர். பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. பதிவு முடிந்ததும் திரும்பிப் போய்விட்டார். மருமகள் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் பிரெஞ்சுப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும், அவரும் அங்கிருந்து சில பத்திரங்கள் அனுப்ப வேண்டும் என்றார்கள். தங்கை அவளைப் பலாபத்வலவிலிருந்து ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினாள்.

"பிரெஞ்சு தெரிஞ்ச மாமா வீட்லயே இருக்கயில கண்டிக்கு எதுக்கு பஸ் ஏறணும்?" என்றாள். பந்தியில் அத்தனை பேர் முன்னால் திறந்த வாயை இப்போது எப்படி மூடுவது?

பரீட்சைக்கென்றே படித்து வளர்ந்தவர்களுக்கு வரும் வியாதி எனக்கும் உண்டு. பரீட்சையில் கஷ்டமானதுதான் கேட்பார்கள், அதைப் பாடமாக்கிவிட்டால் லேசானது தானாக வரும் என்று மனமார நம்புகிறவன் நான். ஆகவே வணக்கம், தண்ணீர், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் தாண்டி, நானே தடுக்கி விழுந்த அத்தியாயத்தில் பாடத்தை ஆரம்பித்தேன். புத்தகம் அதற்கு 'பாஸ்ட் சப்ஜங்டிவ்' என்று பெயர் வைத்திருந்தது. தமிழில் பெயர் வைக்க நான் துணியவில்லை. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி ஒருவருக்கு மகிழ்ச்சியோ வருத்தமோ சந்தேகமோ இருந்தால், அங்கே வினைச்சொல் வேறு வேஷம் கட்டிக்கொள்ளுமாம். தமிழில் நாம் அதை முகத்தில் காட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

மருமகள் சளைக்கவில்லை. நான், நீ, அவன் தொடங்கி அவர்கள் வரை ஒவ்வொரு வினையையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். புருஷனிடம் சொல்லிப் பார்க்க ஒரு வாக்கியம் வேண்டும் என்று கேட்டாள். 'நீ கூப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம்' என்பதை, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வேஷத்தோடு அமைத்துக் கொடுத்தேன்.

அடுத்து அவள் வந்தது ஞாயிற்றுக்கிழமை அல்ல. கண் சிவந்திருந்தது.

"அவரு பேசுறதே இல்ல மாமா."

"வேல கூடவா இருக்கும்."

"இல்ல. நீங்க குடுத்தத சொன்னேன். 'படிச்சவள்னு காட்டுறியா? அப்ப உன் மாமாவோடயே பேசிக்கிட்டிரு'ன்னு வச்சிட்டாரு. பத்திரத்தையும் அனுப்ப மாட்டாராம். அவங்கம்மா எங்கம்மாவுக்கு எடுத்து, புள்ளைக்கு வாய் கூடிப்போச்சுங்கறாங்க."

அவளை அனுப்பிவிட்டு, அவருக்கு மத்தியானச் சமையல் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து நானே அழைத்தேன். பின்னால் பாத்திரங்கள் மோதிக்கொண்டிருந்தன.

"தம்பி, அது சந்தோஷமான வாக்கியம்தான். நீங்க கூப்பிட்டதுல சந்தோஷம்னு..."

"அப்படியா?" என்றார். கதவு ஒன்று சாத்தப்பட்டது. பாத்திரச் சத்தம் நின்றது. "மாமா, இங்க வந்து பத்து வருஷத்துக்கு மேல. முதலாளி ஏசினா விளங்கும். சாமான் பேரெல்லாம் தெரியும். மத்தபடி கடுதாசி வந்தா பக்கத்து வீட்டு அம்மாகிட்டத்தான் கொண்டுபோறேன். உங்க மருமககிட்ட நான் பிரெஞ்சு தண்ணி மாதிரி பேசுவேன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ அன்னைக்கு என்னமோ சொல்றா, எனக்கு ஒரு எழவும் வெளங்கல. கிண்டல் பண்றாளாக்கும்னு நெனச்சேன்."

"அவகிட்ட இத சொல்லிடலாமே."

"ஐயோ வேணாம் மாமா. கும்பிட்டுக் கேக்குறேன்."

தெரியாத பாஷையைத் தெரியும் என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்ட ஒருவரை அறிவுரை சொல்லித் திருத்தும் தகுதி மாத்தளை மாவட்டத்தில் பலருக்கு இருக்கலாம். எனக்கு இல்லை. சரி என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் மருமகளை வீட்டுக்கு வரச்சொல்லி, "அந்த வாக்கியம் பிழையம்மா. நான்தான் புத்தகத்தத் தப்பா வாசிச்சுட்டேன். யாரா இருந்தாலும் கோவம் வந்திருக்கும்" என்றேன்.

"அப்ப அதுக்கு என்ன மாமா அர்த்தம்?"

"நல்ல அர்த்தம் இல்ல."

முகம் வெளிறிப் போனாள். இத்தனைக்கும் என் வாழ்நாளில் பிழையில்லாமல் நான் அமைத்த ஒரே பிரெஞ்சு வாக்கியம் அது. அவள் அவருக்கு எடுத்து மன்னிப்புக் கேட்டாள். செய்யாத குற்றத்துக்கு அழுதாள். அவரும் பெரிய மனதோடு மன்னித்தாராம். பத்திரங்கள் வந்து சேர்ந்தன. பாடத்துக்கு அவளைக் கண்டிக்கு அனுப்பினார்கள்.

எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் இல்லை. அவள் அங்கே போய் இறங்கியதும் தபாலில் முதல் கடிதம் வந்து, அவர் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போகிறபோது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு முன்பே, கண்டி டீச்சரிடம் அந்த வாக்கியத்தை அவள் சொல்லிப் பார்த்தாலும் போதும். இரண்டு ஆண்களின் மானத்தைக் காக்க அவளைத்தானே மன்னிப்புக் கேட்க வைத்தேன். சொல்லியிருக்க வேண்டுமோ? நடந்து முடிந்ததைப் பற்றிய சந்தேகம். இதற்கென்றே ஒரு வினைவடிவம் கைவசம் இருந்தும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கண்டி வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் தங்கை தொலைபேசினாள். டீச்சர் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அண்ணே, கண்டியில நல்லா சொல்லிக் குடுக்குறாங்களாம். உன்கிட்ட படிச்சது ஒன்னையும் அவ அங்க வாய் தொறந்து சொல்றதில்லையாம், வெக்கமா இருக்காம். ஆனா ஞாயித்துக்கிழமைக்கு அண்ணி போட்டுக் குடுத்த தேத்தண்ணி மட்டும் நல்லா இருந்துச்சுன்னு சொல்றா."