பால்காரருக்கென்று ஒரு நாடகம்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தங்கியிருந்த மெட்ராஸ் பெண்கள் விடுதியில் ஒரு டெலிவிஷன் பெட்டி இருந்தது. வாராவாரம் வந்த சிரிப்பு நாடகமொன்றில் சமையல்காரராக வந்தவரை எல்லோருக்கும் பிடித்துப்போனது. உடனே அவரை நடுவில் வைத்துத் தனியாக இன்னொரு நாடகம் தொடங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் கொஞ்ச நாள் இதே பேச்சுதான். பழசு மாதிரி வருமா, வராதா? எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் வரும் என்றாள் என் அறையில் இருந்தவள். என்னைக் கேட்டார்கள். வராது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த நாடகம் டெலிவிஷனில் வந்தது அல்ல. கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் ஒரு தொழிற்சாலையின் கொட்டகையில் நடந்தது.

அங்கே என் அப்பா பழைய இரும்பைத் தூக்கி உலைக்குக் கொண்டுபோகும் வேலையில் இருந்தார். அவரை நாங்கள் நைனா என்போம். எங்கள் ஊர் ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கிற பரம்பரைப் பங்கு இல்லாத குடும்பம் எங்களுடையது. அதனால் பழவேற்காட்டுப் பக்கமிருந்து விடிகாலையில் சைக்கிளை மிதித்துப் போவார். கான்ட்ராக்ட் ஆள். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை கழிந்ததும் சிலரைப் பர்மனென்ட் ஆக்குவார்கள். அந்தச் சிலரில் ஒருவராக வேண்டும் என்பதைத் தவிர நைனாவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்து, மாலையில் தொழிலாளர்களே ஒரு நாடகம் போடுவார்கள். மீஞ்சூரிலிருந்து வந்துபோன ஒரு கிளார்க்தான் எழுதுவார். அந்த வருடம் பெண் பார்க்கும் நாடகம். பெண் வீட்டார் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு பொய்யும் உச்சிக்குப் போகும் நேரம் பார்த்துப் பால்காரர் உள்ளே எட்டிப் பார்ப்பார். பால்காரர் வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் நைனாவை இழுத்துப் போட்டார்கள்.

"சொம்பு எங்கம்மா? மாடு ஊட்டாண்ட நிக்குது."

அவ்வளவுதான் வசனம். கொட்டகையே குலுங்கியது. கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா, இந்த வீட்டைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று பால்காரரையே கேட்பார். "நானு இன்னாத்த கண்டேன் சாமி. பால்ல தண்ணி கலக்கத்தான் எனுக்குத் தெரியும்" என்றார் நைனா. அது எழுதித் தந்த வசனம் அல்ல, அவராகச் சொன்னது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் கூப்பிட்டு, எந்த செக்‌ஷன் என்று விசாரித்தார்.

அந்த வருடம் பட்டியலில் நைனா பெயர் இல்லை. ஆனால் மேனேஜருக்கு முகம் தெரிந்துவிட்டது, அடுத்த வருடம் நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். கிளார்க்கும் அடுத்த பூஜைக்குப் பால்காரர் வீட்டுக் கதையையே எழுதிக்கொண்டு வந்தார். பால்காரருக்கு மனைவி, மகள், மகளுக்குக் கல்யாணம். நைனாதான் கதாநாயகன்.

கதை நன்றாகவே இருந்தது. அதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வம்சத்திலேயே எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான்தான். அப்போது ஹைஸ்கூலில் இருந்தேன். நைனா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்காருவார். நான் திருத்தமாக, எங்கள் தமிழ் டீச்சர் படிப்பதுபோல் படிப்பேன். அவர் உதடு அசையாமல் கேட்பார்.

"இன்னாயா, துரை பாடம் படிக்கிறாரா?" என்பாள் அம்மா. "பால்காரன் வேசம் கட்டி ஒரு வருசமாச்சு, ஊட்டுக்கு ஒரு சொம்பு பாலு வந்தபாடில்ல."

வசனம் முழுக்க எழுத்துத் தமிழில் இருந்தது. உங்கள் பேச்சில் மாற்றிப் பேசிக்கொள்ளுங்கள் என்று கிளார்க் சொல்லித்தான் கொடுத்திருந்தார். நானும் அதை நினைவுபடுத்தினேன். நைனா தலையை ஆட்டிவிட்டார்.

"எழுதுனத மாத்தறதுக்கு நானு யாரும்மா? நீ படிக்கிறியே, அது எவ்ளோ நல்லாக்குது. அப்டியே சொல்லிடறேன்."

அப்படியே சொன்னார். பூஜையன்று பெண்கள் பக்கத்தில் அம்மாவும் நானும் முன்வரிசையில் இருந்தோம். நைனா மேடைக்கு வந்ததுமே கைதட்டல். பிறகு, "மகளே, உன் திருமணத்தை எவ்வாறு நடத்தி முடிப்பேன் என்றெண்ணி என் உள்ளம் கலங்குகிறது" என்றார். அது என் குரலின் ஏற்ற இறக்கம். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவரும் மூச்சு வாங்கினார். நான் பக்கம் திருப்புவதற்காக நிறுத்திய இடங்களில்கூட, வாக்கியத்தின் பாதியில், நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். ஒரு சொல் தப்பவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

போன வருடம் அவர் எட்டிப் பார்க்க ஒரு வீடு இருந்தது, அங்கே மறைக்க ஒரு பொய் இருந்தது. இப்போது அவர் தன் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். தப்பான நேரத்தில் நுழைய அவருக்கு வாசலே இல்லை.

பாதியில் பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "சொம்பு எங்க நைனா?"

அன்று மாலையின் முதல் சிரிப்பு அதுதான். மேனேஜரும் சிரித்தார். நைனா நின்றார். அந்தப் பழைய வசனத்தை எடுத்து வீசியிருந்தால் கொட்டகை அவர் கைக்குத் திரும்பியிருக்கும். அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். தேடிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து என் குரலிலேயே தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் எழுந்து போய்விட்டார்.

அந்த வருடமும் பெயர் வரவில்லை. நாடகத்துக்கும் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை என்று ஃபோர்மேன் சொன்னாராம். இருக்கலாம். நைனா அதை நம்பவில்லை.

அதற்கடுத்த பூஜைக்குப் பழைய பெண் பார்க்கும் நாடகத்தையே மறுபடி போட்டார்கள். பால்காரர் வேஷத்துக்கு நைனாவைக் கேட்டார்கள். வேண்டாம் என்றாள் அம்மா. பட்டியல் போடுகிற சமயம், மாட்டேன் என்றால் மேனேஜர் என்ன நினைப்பார் என்று நைனா போனார். நானும் போனேன். பொய் உச்சிக்குப் போனது. நைனா எட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது, "திருமணம் எவ்வாறு" என்று யாரோ கத்த இன்னும் சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று அவர் தலையை நீட்டியபடியே காத்திருந்தார். அடங்கவில்லை. சொம்பைக் கேட்காமலே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இடுப்பு விட்டுப்போகும்வரை கான்ட்ராக்டிலேயே இருந்தார். கேன்டீனில் அவருக்குச் சொம்பு என்றே பெயர் நிலைத்தது. நான் மெட்ராஸுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாப் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாடகத்தைப் பற்றி அதுவரை அவர் வாயைத் திறந்ததே இல்லை.

"நீ நல்லாத்தான் படிச்ச" என்றார்.

ஆமாம் நைனா என்றேன். பஸ் வரக் கொஞ்ச நேரம் ஆனது.