அத்தா பிரசிடெண்டுக்கு நின்றபோது

என்னைப் பெற்ற அத்தா பஞ்சாயத்து பிரசிடெண்டுக்கு நின்ற கதையைச் சொன்னால் இன்றைக்கும் ஊரில் சிரிப்பார்கள். கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அத்தா அங்கே பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத். கல்யாண வீட்டில் ரேடியோ பாடினால் சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுகிற ரகம். ஊரில் இருந்த இரண்டு கட்சிக்காரர்களும் குத்தகைத் தகராறில் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. எந்தப் பக்கமும் சாயாத ஆள் வேண்டும் என்று ஜமாஅத்தார் கூடி அத்தாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பிரச்சாரமா அது! மைக்கில் பாட்டு கூடாது. மேளம் கூடாது. நோட்டீஸில் போட்டோ கூடவே கூடாது. கடைசியில் வெறும் பேரும் சின்னமும்தான் அச்சானது. கிடைத்த சின்னம் பூட்டு சாவி.

"ஹஜ்ரத்துக்குப் பார்த்துப் பார்த்துத்தான் குடுத்திருக்காங்க. வீட்டுப் பொம்பளைங்களைப் பூட்டி வைக்கத் தோதா இருக்கும்" என்று அக்கம்பக்கத்தில் கேலி பண்ணினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டி வைக்கப்பட்டவள் நான்தானே.

அந்த வருஷம் பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டுத் திருவாரூர் காலேஜில் சேரத் துடித்துக்கொண்டிருந்தேன். "வயசுப் பொண்ணு பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறதா? பேச்சே கிடையாது" என்று அத்தா முடித்துவிட்டார். இரண்டு நாள் பட்டினி கிடந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அம்மா பிரியாணி செய்தாள். தோற்றுப்போனேன்.

அத்தாவுக்கும் ஒரு சிக்கல் வந்தது. ஊரில் பாதி வாக்கு பெண்களுடையது. அவரோ அந்நியப் பெண்களிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அம்மாவுக்கு நாலு பேர் முன்னால் நாக்கு எழாது. வேறு வழியில்லாமல், "நீ போயி எனக்காகக் கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

விடுவேனா? நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஒவ்வோர் அடுப்படியிலும் நுழைந்தேன். எங்கள் தெரு முடிந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாதாகோவில் தெரு வரைக்கும் போனேன். நடவு வயலுக்கே போய் வரப்பில் நின்று கத்தினேன். ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். "ஏம்மா, ஒங்கத்தா வந்தா பொம்பளப் புள்ளைங்க படிக்கிறதுக்குக் குறுக்க நிப்பாராமே?"

முதலில் மென்று விழுங்கினேன். அப்புறம் ஒரு வீட்டில் வாய் முந்திக்கொண்டது. "யாரு சொன்னா? என்னையே காலேஜுக்கு அனுப்பப் போறாங்க. அவங்கதான் சொல்லச் சொன்னாங்க."

பச்சைப் பொய். அல்லாஹ் மன்னிக்கட்டும், அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

வாக்கு எண்ணினார்கள். பெண்கள் பூத்தில் பூட்டு சாவிக்கு அள்ளிக் கொட்டியிருந்தது. ஆனாலும் அத்தா தோற்றார். கவிழ்த்தது அவருடைய சொந்த ஆட்கள்தான். "பொண்ணைக் காலேஜுக்கு அனுப்புற ஹஜ்ரத் நமக்கு எதுக்கு?" என்று முன்வரிசையில் நின்று தொழுகிறவர்களே எதிராளியான ரைஸ் மில்காரருக்குக் குத்திவிட்டார்கள். நான் சொன்ன பொய் அப்போதுதான் அத்தா காதுக்கு எட்டியது.

கூப்பிட்டார். கதவோரம் போய் நின்றேன்.

"நான் சொல்லச் சொன்னேன்னு சொன்னியா?"

"ஆமாத்தா."

"ஜெயிச்சா அனுப்புவேன்னு சொன்னியா, சும்மா அனுப்புவேன்னு சொன்னியா?"

ஜெயித்தால் என்று சொன்னதாகச் சொல்லிவிட்டால் குற்றம் கொஞ்சம் குறையுமோ என்று நாக்கு தடுமாறியது. ஆனால் இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை. "சும்மாதான்த்தா" என்றேன்.

அத்தா தாடியை நீவிக்கொண்டே அம்மாவைப் பார்த்துப் பேசினார். "நிக்காஹ்ல பொண்ணு சபைக்கு வர்றதில்லை. அவளுக்காக வக்கீல் வந்து சம்மதம் சொல்றாரு. அவரு சொல்லு அவளைக் கட்டும். இவளை வக்கீலா அனுப்புனது நான். ஜெயிச்சாத்தான்னு ஷர்த்து எதுவும் போடாம இத்தனை வீட்டுல என் பேருல வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கா."

"பொய் சொன்ன கழுதைக்குப் பரிசா?" என்று அம்மா பாய்ந்தாள்.

"பொய்க்கு அவ அல்லாஹ்கிட்ட பதில் சொல்லிக்கட்டும். வாக்குக்கு நான்ல சொல்லணும்?"

மறுநாள் திருவாரூர் பஸ்ஸில் நானும் அவரும் போனோம். முன்வரிசைத் தொழுகையாளி ஒருவர் அதே பஸ்ஸில் இருந்தார். "ஹஜ்ரத், புள்ளையோட எங்க கிளம்பிட்டீங்க?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"காலேஜுக்கு" என்றார் அத்தா, பஸ் முழுவதும் கேட்கிற மாதிரி.

காலேஜ் வராந்தாவில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்னாலதானேத்தா தோத்தீங்க."

"தோத்தது நான். நீ ஏன் அழுவுற?" என்றார். அட்மிஷன் பாரத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார். "கையெழுத்து எந்த எடத்துல போடணும், அதைக் காட்டு."