ஈர லேக்கரில் மூன்று பொட்டு

கோபத்தை அடக்கத் தெரிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பண்டமாரானில் லோரியில் சரக்கு ஏற்றுமிடத்தில் தூக்கிப் போட்டிருந்த பலகைகளைக் கொண்டுவந்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வராந்தாவில் நானே செய்த சாப்பாட்டு மேசை அது. "கடையில வாங்கலாம்லா, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். அதற்காகவே பிடிவாதமாக முடித்தேன்.

பளபளப்புக்கு மேலே பூசும் லேக்கர் அடிப்பதுதான் உயிரை வாங்கியது. மழைக் காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் இருக்கிற ஞாயிறாகப் பார்த்து ஒரு பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள், மறுபடி ஒரு பூச்சு. ஐந்து ஞாயிறு போனது. ஆறாவது ஞாயிறு காலை, கடைசிப் பூச்சு அடிப்பதற்கு முன்பே குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டு, 'மேசை ரெடி' என்று எழுதிவிட்டேன். பெருமை தாங்கவில்லை. ஆளுக்கொரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

என் கணவரின் அக்கா மட்டும் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயில் ஏறி வந்துவிட்டார். நான் கடைசிப் பூச்சை முடித்துக் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், மேசையின் முன்பக்கம் சந்தனமும் குங்குமமுமாக மூன்று பொட்டு, ஈர லேக்கரில் அழுந்திக் கிடக்கிறது.

"அண்ணி! ஈரம் தெரியலையா? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"புதுச் சாமானுக்கு வைக்கிறதுதானேம்மா. உங்க காருக்கும் நான்தானே வச்சேன். நீதான் ரெடின்னு போட்டிருந்த."

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. "உங்க பொட்டு யாருக்கு வேணும்? உங்கள யாரு வரச் சொன்னா?" என்று கத்தினேன்.

அண்ணி சந்தன டப்பாவை மூடிப் பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை. லேக்கரைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துப் பொட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தின்னர் பட்டதும் அடியிலிருந்த பூச்சுகளும் சேர்ந்து கரைந்தன. குங்குமம் அதில் பரவியது. ஆத்திரத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

மூன்றும் மிளகு அளவுதான் இருந்தன. காயவிட்டு உப்புத்தாள் போட்டிருந்தால் மேலோடு போயிருக்கும். இப்போது உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. என்ன கறை என்று கேட்கிறவர்களிடம், "அண்ணி பொட்டு வச்சாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணி வைத்தது மிளகு அளவு. மீதி முழுக்க என் கை செய்தது. அந்த மேசையில் அண்ணி இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை.